எண்பத்து நான்கு ஒட்டு

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் ஒட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதை ஒட்டகம் என்று காதில் வாங்கிக்கொண்டு, "நாள் முழுக்கத் தண்ணிகூடக் குடிக்காம உட்கார்ந்திருக்காங்களே, அதனாலயா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். நான் போய் அதைச் சொன்னபோது ஒட்டக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "முதுகு வலிக்கிற வலியைப் பார்த்தா திமில் முளைச்சாலும் முளைக்கும்" என்றார்.

ஒட்டுப் போடுவது அவருடைய வேலை. லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் நடுவில் கெர்னல் என்று ஒரு பகுதி இருக்கிறது. வட்டு, நினைவகம், வலைத்தொடர்பு எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது அதுதான். உலகம் முழுக்க ஆட்கள் அதைத் திருத்திக்கொண்டே இருப்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுக் கெர்னல் வந்துவிடும். ஆனால் மருத்துவமனை, ரயில்வே போன்ற இடங்களில் பத்து வருடம் ஆனாலும் ஒரே கெர்னல்தான். சோதித்து, சான்றிதழ் வாங்கி, ஓடவிட்ட ஒன்றை யாரும் லேசில் தொடமாட்டார்கள். அப்படித் தொடாமலே புது வசதியும் வேண்டும் என்பார்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. புதுக் கெர்னலிலிருந்து அந்த ஒரு வசதியை மட்டும் பெயர்த்தெடுத்து, பழைய கெர்னலுக்குள் தையல் வெளியே தெரியாமல் வைத்துத் தைத்துக் கொடுப்பவர் ஒட்டக்கா. தொழில்காரர்கள் அதற்கு பேக்போர்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவர் வீட்டுக்கு ஒருமுறை சாப்பிடப் போயிருந்தேன். கூடவே இருக்கும் நாத்தனார், "புதுசு வந்தா புதுசையே போட்டுட்டுப் போக வேண்டியதுதானே, இதென்ன கிழிசலைத் தைக்கிற வேலை?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். ஒட்டக்கா வாயைத் திறப்பதற்குள், லிஃப்ட் மெக்கானிக்கான அவர் கணவர் பதில் சொல்லிவிட்டார்.

"இருபது மாடிக் கட்டிடத்துல லிஃப்ட் பழசாயிடுச்சுன்னு கட்டிடத்தையா இடிப்பாங்க? மோட்டாரை மட்டும் மாத்துவோம். ஆனா கயிறு பழசு, கதவு பழசு. அதுங்க புது மோட்டாரோட ஒத்துப்போகுதான்னு பார்க்கிறதுலதான் உசுரே போகும்."

"உங்க உசுரா, ஏறுறவன் உசுரா?" என்றார் நாத்தனார்.

நான் அந்த நிறுவனத்தில் கையேடு எழுதுபவன். ஒட்டக்காவுக்கு எதிர் மேசை. என்னைவிட ஆறு வயது மூத்தவர்; என்னைக் 'கையேடு' என்றுதான் கூப்பிடுவார். கணினி படிக்காதவர். விலங்கியல் படித்துவிட்டு எங்கள் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் தொலைபேசி எடுக்கச் சேர்ந்தார். ஏழு வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். இயந்திரம் நின்றுபோய்விட்டது என்று அழுபவர்களையும் திட்டுபவர்களையும் கேட்டு, அவர்கள் அனுப்பும் பதிவுகளைப் பொறியாளர்களுக்குத் தள்ளிவிடுவதோடு அவர் வேலை முடிந்தது. ஆனால் தள்ளிவிடும் முன் அவர் படித்துப் பார்ப்பார். நின்றுபோன இயந்திரம் சாகும் தருவாயில் தன் நினைவகத்தை அப்படியே ஒரு கோப்பாக எழுதி வைத்துவிட்டுச் சாகும். நாங்கள் அதை மரண வாக்குமூலம் என்போம். அந்த வாக்குமூலங்களைப் படித்தே கெர்னலைக் கற்றார். ஒருநாள் பொறியாளர்கள் மூன்று வாரம் தேடிய கோளாறை, "இந்த வரியில பூட்டு ரெண்டு தடவை விழுது சார், ஒருவேளை அதுவா இருக்குமோ?" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அதுதான். மறுமாதம் கெர்னல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் பன்னிரண்டு வருடம்.

நான் சொல்ல வந்தது ஒரு செவ்வாய்க்கிழமையைப் பற்றி.

எங்கள் வாடிக்கையாளர்களில் நகரத்தின் ஆம்புலன்ஸ் அழைப்பு மையமும் ஒன்று. நாற்பது மேசை, இருநூற்றுச் சொச்சம் வண்டி. யார் எங்கிருந்து கூப்பிடுகிறார்கள், எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் இரண்டு பெரிய இயந்திரங்கள் பார்த்துக்கொள்ளும். ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும். அவர்கள் புதிதாக வாங்கிய வட்டுப் பெட்டிகளைப் பழைய கெர்னலால் வேகமாக ஓட்ட முடியவில்லை. புதுக் கெர்னலில் அதற்கான வசதி இருந்தது. அதைக் கொண்டுவரும் பொறுப்பு ஒட்டக்காவுக்கு வந்தது.

புதுக் கெர்னலில் அந்த வசதி தொண்ணூற்றொரு திருத்தங்களாகச் சிதறிக் கிடந்தது. தலைப்பைப் பார்த்தே ஏழு தேவையில்லை என்று ஒதுக்கிவிட்டு, நான்கு மாதம் உட்கார்ந்து, மீதி ஒவ்வொன்றையும் காகிதத்தில் அச்செடுத்துப் பென்சிலால் கோடிட்டுப் படித்தார். அந்த எண்பத்து நான்கையும் ஒட்டினார். ஒவ்வொரு ஒட்டின் கீழும் அதை முதலில் எழுதியவர் பெயரும், கொண்டுவந்தவர் என்று இவர் பெயரும் இருக்கும். சோதனைக்கூடத்தில் ஆறு வாரம் ஓடியது, ஒரு குறையும் இல்லை. மையத்தின் இரண்டு இயந்திரங்களிலும் ஏற்றினார்கள்.

பதினோராவது நாள், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு முதல் இயந்திரம் நின்றது.

இரண்டாவது இயந்திரம் சுமையை வாங்கிக்கொண்டதால் எந்த அழைப்பும் தவறிப்போகவில்லை. மையத்தில் முதல் இயந்திரத்தின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, நினைவகச் சில்லு பழுது என்று பேசிக்கொண்டார்கள். வட்டுப் பெட்டி விற்றவர்களும் அதையே சொன்னார்கள். எங்கள் பிரிவுத் தலைவருக்கும் அந்தப் பேச்சு இனித்தது. ஒட்டக்கா மட்டும் எதுவும் சொல்லாமல் மரண வாக்குமூலத்தை இறக்கி, பதினொரு மணிக்குப் படிக்க உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டுக்கு எழவில்லை. நான் கொண்டுபோய் வைத்த டீயில் ஆடை படிந்தது.

இரண்டு நாற்பதுக்கு, "கையேடு, இங்க வா" என்றார். குரல் சரியில்லை.

மேசையில் இரண்டு காகிதங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. கெர்னலுக்குள் ஒரு வட்டை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு எண்ணிக்கை உண்டு. வருபவர் ஒன்றைக் கூட்ட வேண்டும், போகும்போது ஒன்றைக் கழிக்க வேண்டும். எண்ணிக்கை பூஜ்யமானால், இனி யாரும் இல்லை என்று கெர்னல் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும். புதுக் கெர்னலில் வட்டைத் தேடித் தரும் கட்டளை, தேடும்போது தானே ஒன்றைக் கூட்டிவிடும். பழைய கெர்னலிலும் அதே பெயரில் ஒரு கட்டளை இருக்கிறது. ஆனால் அது கூட்டாது, கூப்பிட்டவர்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

"பேரு ஒன்னு, குணம் வேற" என்றார் ஒட்டக்கா. "நான் பேரைப் பார்த்து ஏமாந்துட்டேன். கூட்டாமலே கழிக்கிறேன். ஆள் இருக்கும்போதே எண்ணிக்கை பூஜ்யமாயிடுது, மெஷின் நிக்குது."

அந்தக் குணத்தை மாற்றிய திருத்தம், அவர் ஒதுக்கிய ஏழில் ஒன்று. அதை எழுதியவர் தலைப்பில் 'சிறு சுத்தம், செயலில் மாற்றமில்லை' என்று போட்டிருந்தார். ஒட்டக்கா தலைப்பை நம்பி உள்ளே போகவில்லை.

"அப்ப சோதனையில ஏன் நிக்கலை அக்கா? வட்டைக் கழட்டிக் கழட்டிப் பார்த்தோமே?"

"நம்ம சோதனைக்கூடத்துல கண்காணிக்கிற புரோகிராம் ஒன்னு எப்பவும் வட்டைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். அதனால எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வரவே இல்ல. அங்க அது கிடையாது. கெர்னல்ல இந்தப் பகுதி எல்லா நேரமும் ஓடாது, வட்டு கையை விட்டுப் போறப்ப மட்டும்தான் ஓடும். காலையில ஏதோ கேபிள் ஆடியிருக்கணும்."

அப்போதுதான் எனக்கு அந்த மின்னஞ்சல் ஞாபகம் வந்தது. மையத்திலிருந்து வரும் அறிவிப்புகள் கையேடு எழுதுபவன் என்ற முறையில் எனக்கும் வரும். யாரும் படிக்காதவற்றை நான் படிப்பேன்.

"அக்கா, ரெண்டாவது மெஷின்ல ஒரு வட்டு வீக்கா இருக்காம். அதை மாத்தப்போறாங்க. மெஷின் ஓடும்போதே."

"எப்போ?"

"இன்னிக்கு மூணு மணிக்கு."

சுவரில் மணி இரண்டு நாற்பத்தாறு.

ஒட்டக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய் இடித்தது. மையத்தின் கணினி நிர்வாகியைக் கைபேசியில் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றது. இயந்திர அறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். அலுவலக எண்ணில், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு பதிவுக் குரல் இசையோடு சொல்லிக்கொண்டிருந்தது. அதை என் காதில் கொடுத்துவிட்டு, கூட்டத்தில் இருந்த பிரிவுத் தலைவரை வெளியே இழுத்துவந்தார்.

"உறுதியாத் தெரியுமாம்மா?" என்றார் தலைவர்.

"நூத்துக்குத் தொண்ணூறு."

"மீதி பத்து?"

"மீதி பத்து நடந்தா சாமிக்குத் தேங்கா உடைக்கிறேன் சார். இப்ப அவங்களை நிறுத்தணும். அவசர எண்ணுக்கே போடப்போறேன்."

தலைவர் முகம் மாறியது. "ஆம்புலன்ஸ் லைனுக்கா? விளையாட்டுக் கால்னு போலீஸ் வீட்டுக்கு வரும். கம்பெனி பேரு நாறிடும். நான் அவங்க டைரக்டரைப் பிடிக்கிறேன், அஞ்சு நிமிஷம் குடு."

அவர் டைரக்டரின் எண்ணைத் தேட ஆரம்பித்தார். இரண்டு ஐம்பத்தொன்று. ஒட்டக்கா அவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தன் சொந்தக் கைபேசியில் அந்த மூன்று இலக்கங்களை அழுத்தினார். நானும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

"அவசர உதவி, மேசை நாலு. எங்க இருந்து பேசறீங்க, என்ன ஆச்சு?" பெண் குரல், வேகம்.

ஏழு வருடம் தொலைபேசி எடுத்தவர் ஒட்டக்கா. பத்து நொடிக்குள் சொல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் காது மூடிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். "யாருக்கும் ஒன்னும் ஆகலைம்மா. உங்க கம்ப்யூட்டருக்கு மென்பொருள் எழுதுற கம்பெனியிலிருந்து பேசறேன். உங்க மெஷின் ரூம்ல ஒருத்தர் மூணு மணிக்கு ஒரு வட்டைக் கழட்டப்போறார். கழட்டினா உங்க நாப்பது திரையும் ஒரே நேரத்துல நிக்கும். அவரை நிறுத்தணும்."

"மேடம், இது உயிர் காக்கிற லைன். விளையாடினீங்கன்னா நம்பர் பதிவாகுது."

"பதிவாகட்டும். என் பேர்லதான் இருக்கு."

"நான் வைக்கிறேன்."

நான் ஒரு தாளில் பெரிதாக எழுதி அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். அந்த மையத்துத் திரைகளின் மேல்பட்டையைப் பற்றிய கையேட்டை எழுதியவன் நான்தான்.

"வைக்காதீங்க" என்றார் ஒட்டக்கா தாளைப் பார்த்தபடி. "உங்க திரையில மேல வலது மூலையில தினமும் ரெண்டு பச்சைப் புள்ளி இருக்கும். இன்னிக்குக் காலையிலிருந்து ஒன்னுதான் இருக்கு. ஒன்னு சாம்பல் நிறத்துல இருக்கு. சரிதானே?"

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது.

"ஆமா" என்றது குரல், இப்போது மெதுவாக.

"அந்த ஒன்னையும்தான் அவர் கழட்டப்போறார்."

"மேற்பார்வையாளர் டீக்குப் போயிருக்கார். அவர் சொல்லாம நான் சீட்டை விட்டு எந்திரிக்கக் கூடாது."

"தெரியும்மா. உங்களை எந்திரிக்கச் சொல்றேன்னு எனக்கு நல்லாவே தெரியும்."

இரண்டு ஐம்பத்து நான்கு. "லைன்லயே இருங்க" என்றார் மேசை நாலு. தலையணியைக் கழற்றி வைத்த சத்தம் கேட்டது. அப்புறம் அந்த அறை முழுவதும் எங்களுக்குக் கேட்க ஆரம்பித்தது. மூச்சு இருக்கா பாருங்க என்று ஒரு குரல். கதவைத் திறந்து வைங்க, வண்டி கிளம்பிடுச்சு என்று இன்னொன்று. எந்தத் தெரு, எந்தத் தெரு என்று மூன்றாவது. அந்தக் குரல்கள் எல்லாம் தன் எண்பத்து நான்கு ஒட்டின் மேல் நின்றுகொண்டிருக்கின்றன என்று ஒட்டக்காவுக்கு அப்போது தோன்றியிருக்கிறது. பிறகு என்னிடம் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: தான் பிடித்து வைத்திருக்கும் இந்த இணைப்புக்காக வெளியில் யாராவது காத்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று. அதனால் வைக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

பிரிவுத் தலைவர் எங்கள் பின்னால் வந்து நின்றார். டைரக்டர் எடுக்கவில்லை. அவரும் கேட்க ஆரம்பித்தார்.

மூன்று மணி ஆனது. மூன்று ஒன்று.

அறையின் குரல்கள் நிற்கவில்லை. நின்றிருந்தால் முடிந்தது கதை. ஒவ்வொரு நொடியும் அவை தொடர்ந்து கேட்பதே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

மூன்று மூன்றுக்கு, மேசை நாலின் தலையணியை யாரோ எடுக்கும் கர்கர் சத்தம். ஆண் குரல், மூச்சிரைக்க. கணினி நிர்வாகி. "யாருங்க? அக்காவா? என்னங்க இது, ஒரு பொண்ணு ஓடிவந்து வட்டுக்காரர் கையைப் பிடிச்சுத் தொங்குது!"

"கழட்டிட்டாரா?"

"தாழ்ப்பாளைத் தூக்கிட்டார். இன்னும் இழுக்கலை."

"அவர் கையை எடுக்கச் சொல்லுங்க. தாழ்ப்பாளைத் திரும்ப அமுக்கவும் வேண்டாம். அப்படியே இருக்கட்டும், யாரும் தொடாதீங்க. முதல் மெஷினுக்கு மூடியைப் போடுங்க, அதுல ஒரு கோளாறும் இல்ல. ஒட்டுப் போடாத பழைய கெர்னல் அதுலயே இருக்கு, அதைத் தேர்ந்தெடுத்துக் கிளப்புங்க. அது பச்சையானதும் எல்லாத்தையும் அதுக்கு மாத்துங்க."

"நினைவகச் சில்லு பழுதுன்னாங்களே?"

"சில்லு நல்லாத்தான் இருக்கு. பழுது என்னோடது."

பக்கத்தில் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் இயந்திரம் மூன்றரைக்குப் பச்சையானது. நான்கு மணிக்கு எங்கள் சோதனைக்கூடத்தில் கண்காணிப்பு நிரலை நிறுத்திவிட்டு, ஓடுகிற இயந்திரத்திலிருந்து ஒரு வட்டை ஒட்டக்காவே இழுத்தார். திரை அப்படியே உறைந்தது. மீதிப் பத்தும் சேர்ந்து நூறாகிவிட்டது.

ஐந்து மணிக்கு வாடிக்கையாளரோடு பேச வேண்டும். போகும் முன் தலைவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "வட்டுப் பெட்டிக்கும் கெர்னலுக்கும் ஒத்துப்போகாத தன்மைன்னு சொல்லிக்கலாம். அது பொய் இல்லையே" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலேயும் ஆட்கள் இருந்தார்கள்.

"அப்படிச் சொன்னா, அவங்க பெட்டியைத்தான் மாத்துவாங்க சார். வேற பெட்டியிலயும் இது நிக்கும்."

கூட்டத்தில் இரண்டு காகிதங்களையும் காட்டி, எந்த நாளில் எந்த முடிவை எதை நம்பி எடுத்தேன் என்று ஒட்டக்கா வரிசையாகச் சொன்னார். மையத்து டைரக்டர், "இனிமே உங்க கையெழுத்தை நாங்க எப்படி நம்புறது?" என்று கேட்டார். "தெரியலை சார்" என்றார் ஒட்டக்கா.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாத்தனாரிடமும் கணவரிடமும் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். வேலை போனாலும் போகும் என்றிருக்கிறார். கணவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தான் எட்டு வருடத்துக்கு முன் பிரேக்கைச் சரியாக இறுக்காமல் விட்ட ஒரு லிஃப்டைப் பற்றிச் சொன்னார். அதில் யாரும் ஏறும் முன் தானே திரும்பிப் போய் இறுக்கியதையும், அதை அதுவரை யாரிடமும் சொல்லாததையும். நாத்தனார், "ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நல்ல ஜோடிதான் போங்க, முதல்ல சாப்பிடுங்க" என்று தட்டை வைத்தாராம்.

வேலை போகவில்லை. ஆனால் ஒரு மாதம் அவருடைய ஒட்டுகளுக்கு இன்னொருவர் கையெழுத்தும் தேவை என்று உத்தரவு வந்தது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரைக் குடைந்தது வேறு: அனுமதியில்லாமல் இருக்கையை விட்டு எழுந்ததற்காக மேசை நாலுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார்கள். கணினி நிர்வாகி சொல்லித்தான் தெரிந்தது.

ஒட்டக்கா அரை நாள் விடுப்புப் போட்டு மையத்துக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டார். கடிதம் கொடுத்த அதிகாரியின் அறைக்கு வெளியே நாற்பது நிமிடம் உட்கார வைத்தார்கள். உள்ளே போனதும் உட்காராமலே பேசினார். "அந்தப் பொண்ணு எந்திரிக்கக் கூடாதுன்னு என்கிட்டச் சொல்லிச்சு. நான்தான் எந்திரிக்க வெச்சேன். கடிதத்தை எனக்குக் குடுங்க." உங்களுக்கு எப்படிக் கொடுக்க முடியும், நீங்கள் எங்கள் ஊழியர் இல்லையே என்றார் அதிகாரி, விதியைப் படிப்பதுபோல. ஆனால் எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து எச்சரிக்கையை நீக்கினார்கள். பாராட்டு ஒன்றும் வரவில்லை.

நாங்கள் மையத்துக்குப் போன அன்றைக்கே வாசலில் மேசை நாலைப் பார்த்தோம். முப்பது வயதிருக்கும், தோளில் பை, தூக்கம் போதாத கண்கள்.

"எதை நம்பி எந்திரிச்சம்மா? அந்தப் புள்ளியா?" என்று கேட்டார் ஒட்டக்கா.

"புள்ளி ஒரு பக்கம். விளையாடறவங்க நான் மிரட்டினதும் வெச்சுடுவாங்க. இல்லைன்னா திட்டுவாங்க. நீங்க ‘என் பேர்லதான் இருக்கு’ன்னீங்க." பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். "ஆனா ஒன்னு அக்கா. நீங்க பேசிக்கிட்டிருந்தப்ப எனக்கு அடுத்த கால் வந்து நின்னுச்சு. பக்கத்து மேசை எடுத்துட்டாங்க. எடுத்தாங்கங்கிறதாலதான் நாம இப்படி நின்னு பேசறோம்."

ஒட்டக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டு மாதம் கழித்து அந்த வசதியைத் திரும்ப ஏற்றினார்கள். இந்த முறை எண்பத்து நான்கையும் முதலிலிருந்து படித்திருந்தார், ஒதுக்கிய ஏழையும் படித்திருந்தார். பெயர் ஒன்றாக இருந்த கட்டளை ஒவ்வொன்றையும் பழையது, புதியது இரண்டிலும் திறந்து பார்த்திருந்தார். அப்படி இன்னொன்று கிடைத்தது. அது ஆபத்தில்லாதது, ஆனாலும் சரிசெய்தார். ஏற்றும் நாளில் தானும் இயந்திர அறைக்குள் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கைபேசியை வாசல் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனோம். முதல் இயந்திரம் மொத்தச் சுமையையும் தாங்கிக்கொண்டிருக்க, இரண்டாவதின் முன்னால் அதே வட்டுக்காரர் நின்றார். ஒட்டக்காவைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்களே இழுங்க மேடம். எனக்கு வேண்டாம் அந்த வேலை."

ஒட்டக்கா தாழ்ப்பாளைத் தூக்கி இழுத்தார். திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. திரும்பச் செருகி, ஒரு நிமிடம் விட்டு இழுத்தார். ஓடிக்கொண்டே இருந்தன. மூன்றாவது முறை, நான்காவது முறை. பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது.

"போதுமா மேடம்?" என்றார் வட்டுக்காரர்.

"இன்னும் ஒரு தடவை" என்றார் ஒட்டக்கா.